அட்டையில் நின்ற ஆள்: 'ஸ்ட்ரெங்த் த்ரூ ஓய்!' இசைத்தட்டுக்கு என்ன நடந்தது?

1981 மே மாதம் டெக்கா நிறுவனம் லண்டனில் ஒரு தொகுப்பு இசைத்தட்டை வெளியிட்டது. பெயர் 'ஸ்ட்ரெங்த் த்ரூ ஓய்!'. தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து வந்த பங்க் (வேகமும் முரட்டுத்தனமுமான ராக் இசை) குழுக்களின் பாட்டுகளும், நடுநடுவே வாசிக்கப்பட்ட சில கவிதைகளும் அதில் இருந்தன. வேலையில்லாமை, போலீஸ் கெடுபிடி, வார இறுதிக் குடி, கால்பந்து அடிதடி என்று எல்லாவற்றையும் கத்தலும் நக்கலுமாகச் சொல்லும் தட்டு. ஜூலை மாதம் சவுத்தாலில் ஒரு மதுக்கூடம் தீக்கிரையானது. ஒரு வாரத்துக்குள் தேசிய நாளிதழ் ஒன்று இந்தத் தட்டை நாஜித் தட்டு என்றது. டெக்கா அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது.

நாஜிக் கொள்கையைப் புகழும் பாட்டு ஒன்றுகூட அந்தத் தட்டில் இல்லை. பிறகு ஏன் இப்படி ஆனது? நாற்பது வருடங்களுக்கு மேலாக இரண்டு பதில்கள்தான் புழங்குகின்றன. 'அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்' என்பது ஒன்று. 'பத்திரிகைக்காரர்கள் கதை கட்டினார்கள்' என்பது இன்னொன்று. இரண்டும் எனக்குப் போதவில்லை. பாட்டுகளுக்கு வெளியே எடுக்கப்பட்ட சில முடிவுகளும், பாட்டுகளின் வடிவத்திலேயே இருந்த ஒரு ஓட்டையும் சேர்ந்துதான் அந்தத் தட்டைக் கவிழ்த்தன.

கலைக் கல்லூரிக்கு வெளியே

1976, 77-இல் பிரிட்டனில் பங்க் வெடித்தபோது 'தெருவின் குரல்' என்றார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கலைக் கல்லூரி வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இரண்டு வருடத்தில் பெரிய நிறுவனங்கள் வந்தன, ஒப்பந்தங்கள் வந்தன, பேட்டிகள் வந்தன. அப்போது கிழக்கு லண்டன், தெற்கு லண்டன், வடகிழக்கின் சவுத் ஷீல்ட்ஸ், சண்டர்லேண்ட் பக்கமிருந்து இன்னொரு கூட்டம் கிளம்பியது. ஷாம் 69 குழு வழி போட்டது. காக்னி ரிஜெக்ட்ஸ், ஏஞ்செலிக் அப்ஸ்டார்ட்ஸ், ஃபோர் ஸ்கின்ஸ் எல்லாம் பின்னால் வந்தார்கள். 'சவுண்ட்ஸ்' வார இதழில் எழுதிக்கொண்டிருந்த காரி புஷெல் இந்த வகைக்கு 'ஓய்!' என்று பெயர் வைத்தார். காக்னி ரிஜெக்ட்ஸ் பாடகர் மேடையில் போடும் கூச்சல் அது. 1980 நவம்பரில் இஎம்ஐ நிறுவனத்தின் மூலம் முதல் தொகுப்பு வந்தது. 'ஸ்ட்ரெங்த் த்ரூ ஓய்!' இரண்டாவது.

இந்தக் குழுக்களின் பாட்டுவரிகளை வெறும் கோபம் என்று நினைப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். சிரிப்பும் நிறைய உண்டு. 1980-இல் ஸ்ப்ளாட்ஜினெஸ்அபவுண்ட்ஸ் என்ற குழுவின் பாட்டு ஒன்று பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 7-ஆம் இடம் வரை போனது. ஒரு ஆள் மதுக்கூடத்தில் நின்றுகொண்டு இரண்டு பைன்ட் பீரும் ஒரு பாக்கெட் சிப்ஸும் கேட்கிறான். யாரும் காதில் வாங்கவில்லை. மறுபடி கேட்கிறான். கிட்டத்தட்ட மொத்தப் பாட்டுமே அவ்வளவுதான். காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் கண்ணுக்குத் தெரியாதவனாக இருப்பது எப்படி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பாட்டு எனக்குத் தெரியாது. அதே குழு 'ஸ்ப்ளாட்ஜ்' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு இரண்டாவது தொகுப்பிலும் இருந்தது. டாய் டால்ஸ் குழு அதில் தங்கள் ஊரான சண்டர்லேண்டின் இரவு விடுதி ஒன்றையும், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரத்தையும் கிண்டலடித்தது. கவிஞர் காரி ஜான்சன் கட்டாய ராணுவ சேவை பற்றியும், எதிர்காலம் இல்லாத பையன்கள் பற்றியும் கவிதை வாசித்தார். காக் ஸ்பாரர் குழுவின் 1977-ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றும் இருந்தது. அதை முதலில் வெளியிட்டதும் இதே டெக்காதான்.

சரணத்தில் எள்ளல், பல்லவியில் கூட்டம்

தெருப் பங்க் பாட்டு ஒன்றுக்கு இரண்டரை நிமிடம். மூன்று கிட்டார் கார்டு (chord). சரணத்தில் ஒருவன் வேகவேகமாகக் கதை சொல்வான். பல்லவி வந்ததும் குழுவில் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். கால்பந்து மைதானத்தின் நின்று பார்க்கும் பகுதியில் எழும் கோஷத்தின் நேரடி வாரிசு அது. அரங்கில் முந்நூறு பேர் இருந்தால் முந்நூறு பேரும் பல்லவிக்குத்தான் காத்திருப்பார்கள்.

இப்போது இதில் எள்ளலை வையுங்கள். பாத்திரமாக மாறிப் பாடுவது இந்த வகையின் வழக்கமான உத்தி. 'நான்' என்று பாடுகிறவன் பாட்டு எழுதியவன் அல்ல. அவன் வேலையற்ற ஒரு பையன், அல்லது வெறிபிடித்த ஒரு மேஜர், அல்லது வங்கியைக் கொள்ளையடிக்கக் கனவு காணும் ஒரு சோம்பேறி. சரணத்தில் அவன் எவ்வளவு பரிதாபமானவன் என்பது புரியும். ஆனால் பல்லவியில் கூட்டம் அவனாகவே மாறிவிடும். சரணத்தைக் கேட்காமல் பல்லவியை மட்டும் பாடுகிறவனுக்கு அங்கே எள்ளலே கிடையாது, வெறும் பெருமைதான். 'கலவரம்', 'கும்பல் சண்டை' மாதிரித் தலைப்புகள் அந்தத் தட்டில் வரிசையாக இருந்தன. அவற்றில் எது விவரிப்பு, எது எச்சரிக்கை, எது கொண்டாட்டம் என்று பாடகரின் குரல் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதே தெருவில் வளர்ந்தவனுக்கு அது எளிது. தட்டின் அட்டையை மட்டும் பார்க்கிறவனுக்கு?

கலிஃபோர்னியாவின் டெட் கென்னடிஸ் இதே பள்ளத்தை வேறு மாதிரிக் கடந்தார்கள். 1980-இல் அவர்கள் வெளியிட்ட பாட்டு ஒன்று ஏழைகளைக் கொன்றுவிடுவோம் என்று ஒரு அதிகாரியின் மிடுக்கோடு பாடுகிறது. மிகைப்படுத்தல் அவ்வளவு தூரம் போவதால் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது கடினம். அப்படியும் தங்கள் அரங்கில் நாஜிச் சின்னம் அணிந்தவர்கள் தலைகாட்டத் தொடங்கியதும், 1981-இல் எள்ளலை ஓரமாக வைத்துவிட்டு, 'வெளியே போங்கடா' என்று பச்சையாகத் திட்டும் பாட்டைப் போட்டார்கள். எள்ளலில் அத்தனை தேர்ந்தவர்களே நேரடியாகப் பேச வேண்டிய இடம் ஒன்று வந்தது.

தலைப்பு, அட்டை

'ஸ்ட்ரெங்த் த்ரூ ஜாய்' ('மகிழ்ச்சியால் வலிமை') என்பது நாஜி ஜெர்மனியில் தொழிலாளர்களுக்குச் சுற்றுலாவும் கேளிக்கையும் நடத்திய அரசு அமைப்பின் பெயர். அதில் 'ஜாய்' இருந்த இடத்தில் 'ஓய்' வந்தது. தட்டைத் தொகுத்த புஷெல் சொன்ன விளக்கம் வேறு: ஸ்காட்லாந்தின் ஸ்கிட்ஸ் குழு 1980-இல் 'ஸ்ட்ரெங்த் த்ரூ ஜாய்' என்ற பெயரில் ஒரு தட்டை வெளியிட்டிருந்தது, அதை வைத்துச் செய்த சிலேடைதான் இது என்றார். அப்படி ஒரு தட்டு இருந்தது உண்மை. ஆனால் அதே ஸ்கிட்ஸ் குழுவுக்கு 1979-இல் வேறொரு ஆல்பத்தின் அட்டை 1936 பெர்லின் ஒலிம்பிக் பாணியில் இருந்ததால் சிக்கல் வந்து, அட்டையை மாற்றி மறுபடி வெளியிட வேண்டியிருந்தது. இசைப் பத்திரிகை உலகத்தில் நாள் முழுக்கப் புழங்குகிறவருக்கு இது எட்டாத செய்தி அல்ல. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தவர் அவர். நாஜி ஆதரவாளர் என்று அவரைச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் சிலேடை செய்தவர் கடையில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

அட்டை இன்னும் மோசம். சட்டையில்லாத மொட்டைத் தலை ஸ்கின்ஹெட் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு, பூட்ஸ் காலைப் பார்ப்பவர் முகத்துக்கு நேராக உதைக்கும் படம். அந்த ஆள் நிக்கி கிரேன். பிரிட்டிஷ் மூவ்மென்ட் என்ற நவநாஜி அமைப்பின் அடியாள். கறுப்பின இளைஞர்களைத் தாக்கிய வழக்கில் அதே 1981-இல் நான்கு வருடச் சிறைத்தண்டனை பெற்றவன்.

புஷெல் பின்னாளில் சொன்ன கதைப்படி, வேறொருவரை வைத்து எடுத்த படங்கள் சரியாக வரவில்லை. அவசரத்துக்கு ஒரு வாழ்த்து அட்டையில் கிடைத்த படத்தை எடுத்தார்கள். அது ஏதோ சினிமாக் காட்சி என்று அவர் நினைத்தாராம். அச்சுக்குப் போவதற்காகப் பெரிதாக்கியபோதுதான் உடம்பில் இருந்த பச்சை குத்தல்கள் தெரிந்தன. வெளியீட்டைத் தள்ளிவைப்பதா, பச்சையை ஏர்பிரஷ் வைத்து அழிப்பதா என்ற கேள்வி வந்தது. அழித்தார்கள்.

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். தலைப்பை அறியாமை என்று விடலாம். பிறகு பத்திரிகை எழுதியதை மிகை என்று தள்ளலாம். ஆனால் ஒரு மேசைமேல் பெரிதாக்கிய படம் கிடக்கிறது, நெஞ்சிலும் கையிலும் என்ன குத்தியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறார்கள், யாரோ ஒருவர் ஏர்பிரஷை எடுத்து அதை மறைக்கிறார். அந்த நிமிடத்தில் பிரச்சினை என்ன என்று அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். மறைத்தால் பிரச்சினை போய்விடும் என்று நினைத்ததுதான் கணக்குப் பிசகு. மையை அழிக்கலாம், ஆளை அழிக்க முடியாது. லண்டனில் அந்த முகத்தைத் தெரிந்தவர்கள் ஏராளம். அவனால் உதை வாங்கியவர்களும் அதில் அடக்கம்.

ஸ்கின்ஹெட் தோற்றத்தின் கதை இந்த அட்டையைவிடப் பழையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1960-களின் கடைசியில் அந்தப் பையன்கள் ஆடியது ஜமைக்காவின் ஸ்காவுக்கும் ரெகேவுக்கும்தான். கறுப்பினப் பையன்களிடமிருந்து உடையும் இசையும் கற்றுக்கொண்ட கூட்டம் அது. 1970-களின் பின்பாதியில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சியும் பிரிட்டிஷ் மூவ்மென்டும் கால்பந்து மைதான வாசலிலும் கச்சேரி வாசலிலும் நின்று அவர்களில் ஆள் பிடித்தன. ஷாம் 69 இதற்குக் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். 1979-இல் லண்டன் ரெயின்போ அரங்கில் அவர்கள் கச்சேரியை வலதுசாரி ஸ்கின்ஹெட்டுகள் மேடையேறிக் கலைத்தார்கள். அதாவது 1981-இல் இது புதுச் செய்தி அல்ல.

சவுத்தால், ஜூலை 3

மேற்கு லண்டனின் சவுத்தால் பெரும்பாலும் பஞ்சாபிகள் வாழும் பகுதி. 1976-இல் அங்கே குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது இளைஞன் இனவெறிக் கொலைக்குப் பலியானான். அதையடுத்து உள்ளூர் இளைஞர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1979 ஏப்ரல் 23 அன்று நேஷனல் ஃப்ரண்ட் அங்கே நகர மன்றத்தில் கூட்டம் போட்டது. எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்துக்கு வந்த பிளேர் பீச் என்ற ஆசிரியர் போலீஸ் அடியில் செத்தார். அப்புறம் 1981 ஜனவரியில் தெற்கு லண்டனின் நியூ கிராஸில் ஒரு வீடு எரிந்து 13 கறுப்பின இளைஞர்கள் பலி. ஏப்ரலில் அதே தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் கலவரம். இவ்வளவும் நடந்த பிறகு, ஜூலை 3 வெள்ளிக்கிழமை, சவுத்தாலின் ஹாம்பரோ டேவர்ன் மதுக்கூடத்தில் ஃபோர் ஸ்கின்ஸ், லாஸ்ட் ரிசார்ட், த பிசினஸ் மூன்று குழுக்களுக்கும் கச்சேரி ஏற்பாடானது. ரசிகர்கள் கிழக்கு லண்டனிலிருந்து பேருந்து பிடித்து வந்தார்கள்.

வந்தவர்களில் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், ஆட்களை இழிவாகப் பேசினார்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் பாடத்தான் வந்தோம் என்றார்கள் குழுக்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நூற்றுக்கணக்கான உள்ளூர் இளைஞர்கள் திரண்டார்கள், போலீஸ் நடுவில் நின்றது, பெட்ரோல் குண்டுகள் பறந்தன, மதுக்கூடம் எரிந்தது.

அந்த உள்ளூர்ப் பையன்கள் யாரும் தட்டைக் கேட்டுவிட்டுச் சரணத்துக்கும் பல்லவிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆராய வேண்டிய நிலையில் இல்லை. அவர்கள் பார்த்தது வாசலை. மொட்டைத் தலை, பூட்ஸ், பேருந்து நிறைய ஆட்கள். முன்பு அதே கோலத்தில் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அவர்களைக் குறை சொல்வது எனக்கு அபத்தமாகப் படுகிறது. கச்சேரிக்கு இடம் பிடித்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், ஊரைப் பார்க்கவில்லை.

சில நாட்களில் 'டெய்லி மெயில்' தட்டின் தலைப்பையும் அட்டையையும் சவுத்தாலோடு முடிச்சுப் போட்டு எழுதியது. அந்தக் கட்டுரைக்குப் பாட்டுகள் தேவையே படவில்லை. தலைப்பும் படமும் போதுமாயிருந்தன. கொடுமை என்னவென்றால், அந்த இரண்டையும் எடுத்துக் கையில் கொடுத்தது தட்டை உருவாக்கியவர்களேதான். டெக்கா வாயைத் திறக்காமல் தட்டை எடுத்துவிட்டது. அந்த மாதமே இங்கிலாந்தின் நகரங்கள் வரிசையாகக் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தன. பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது, அடுத்த ஜனவரியில் 30 லட்சத்தையும் தாண்டியது. வெள்ளையர்களையும் கறுப்பினத்தவர்களையும் ஒரே மேடையில் வைத்திருந்த ஸ்பெஷல்ஸ் குழுவின் 'கோஸ்ட் டவுன்' ஜூலையில் முதலிடத்துக்குப் போனது. அதே வேலையில்லா நகரங்கள்தான் அதற்கும் பொருள். மேடையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே அந்தப் பாட்டு யார் பக்கம் என்று தெரிந்தது.

'அரசியல் இல்லை' என்ற அரசியல்

ஓய் குழுக்கள் அடிக்கடி சொன்ன வாக்கியம், 'நாங்கள் இடதும் இல்லை, வலதும் இல்லை.' இதன் பின்னால் நியாயமான கடுப்பு இருந்தது. பல்கலைக்கழக இடதுசாரிகள் தொழிலாளர் பேரைச் சொல்லிப் பேசுவார்கள், தொழிலாளியிடம் பேச மாட்டார்கள். த பிசினஸ் குழுவின் 'சபர்பன் ரெபெல்ஸ்' இந்த வசதியான புரட்சிக்காரர்களைத்தான் வறுத்தெடுத்தது. நல்ல பாட்டு. யாரைத் திட்டுகிறோம் என்று தலைப்பிலேயே தெரியும்.

ஆனால் மேல் நோக்கியும் பக்கவாட்டிலும் தாராளமாக அடித்த இந்த எள்ளல், தன் வாசலிலேயே நின்று ஆள் பிடித்தவர்களை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்தது. முதலாளி, மந்திரி, மேஜர், மாணவன், இசை நிறுவனம் எல்லோரும் அடி வாங்கினார்கள். அரங்கில் முன்வரிசையில் நின்று கை நீட்டி நாஜி வணக்கம் வைக்கிறவனுக்குப் பாட்டில் இடமே இல்லை. கிண்டலடிக்கக்கூட அவனைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்லலாம். அவன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு அனுமதி என்று எடுத்துக்கொண்டான்.

ஏஞ்செலிக் அப்ஸ்டார்ட்ஸ் இதற்கு மறுபக்கம். போலீஸ் காவலுக்குப் பிறகு இறந்த லிடில் டவர்ஸ் என்பவரைப் பற்றி 1978-இல் பாடியவர்கள் அவர்கள். பாடகர் மென்சி வெளிப்படையான சோஷலிஸ்ட். வலதுசாரிகள் அவர்கள் கச்சேரிகளில் புகுந்து தகராறு செய்தார்கள். அதனால் அவர்களுக்கு ஆள் குறைந்தது, அடியும் விழுந்தது. ஆனால் அவர்கள் எந்தப் பக்கம் என்று ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

சவுத்தாலுக்குப் பிறகு வந்த மாற்றங்களில் சிலவற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும். த பிசினஸும் மற்ற சில குழுக்களும் கிளம்பிய சுற்றுப்பயணத்தின் பெயர், தமிழில் சொன்னால், 'இனவெறிக்கும் அரசியல் தீவிரவாதத்துக்கும் எதிரான ஓய், ஆனால் இன்னும் அமைப்புக்கும் எதிர்தான்'. ஒரு சுவரொட்டியில் இதை அச்சடித்தவர் நிச்சயம் எழுத்தைச் சிறிதாக்கியிருப்பார். அடுத்த தொகுப்பு அதே 1981-இல் சீக்ரெட் ரெக்கார்ட்ஸ் வழியாக வந்தது. பெயர் 'கேரி ஆன் ஓய்!'. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த அசட்டுச் சிரிப்புப் பட வரிசையின் பெயரை ஒட்டியது. சிலேடையை அவர்கள் கைவிடவில்லை. யாருடைய சொத்திலிருந்து சிலேடைக்குச் சரக்கு எடுப்பது என்பதை மட்டும் மாற்றினார்கள். அந்த ஒன்றே போதும், முந்தைய தலைப்பில் என்ன பிழை என்பது அவர்களுக்கே புரிந்துவிட்டது என்று காட்ட.

காலி இடத்தை வேறு ஆட்கள் நிரப்பினார்கள். ஸ்க்ரூடிரைவர் என்ற பழைய பங்க் குழு 1982-இல் முழு நவநாஜிக் குழுவாக மறுபிறவி எடுத்தது, அதற்கென்று தனிக் கச்சேரி வட்டமே உருவானது. நிக்கி கிரேன் அந்த வட்டத்தின் காவலாளாக வலம் வந்தான். 1992-இல் தொலைக்காட்சியில் தோன்றித் தான் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்து அந்த இயக்கத்தைக் கைகழுவினான். அடுத்த வருடம் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தான். அட்டையில் கோபத்தின் அசல் முகம் என்று ஒட்டப்பட்ட ஆளே வேடம் போட்டுக்கொண்டிருந்தான். அப்படி ஒரு எள்ளலை அந்தத் தட்டில் யாரும் எழுதவில்லை.

பாட்டின் வடிவத்தில் இருந்த ஓட்டையை அடைத்தவர்கள் என்று நான் காக் ஸ்பாரரைச் சொல்வேன். 'ஸ்ட்ரெங்த் த்ரூ ஓய்!' தட்டில் இருந்த அதே கிழக்கு லண்டன் குழுதான். 1983-இல் வந்த அவர்களுடைய 'ஷாக் ட்ரூப்ஸ்' ஆல்பத்தில் 'வாட்ச் யுவர் பேக்' என்று ஒரு பாட்டு. இடதும் வலதும் வந்து பையன்களைத் தங்கள் சண்டைக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றியது. 'நீ சொன்னதற்காக நாங்கள் சண்டை போட மாட்டோம், அப்படி ஏவிவிட்டால் உன் மேலேயே திரும்பினாலும் திரும்புவோம்' என்பது அதன் சாரம். அதை அவர்கள் சரணத்தில் ஒளித்துவைக்கவில்லை, பல்லவியிலேயே வைத்தார்கள். ஆகவே சரணம் ஒரு வரிகூடத் தெரியாமல், பீர் கிளாஸோடு பின்வரிசையில் நின்று கத்துகிறவனும் அதைத்தான் கத்த வேண்டும்.